கடவுளின் பெயரால் தொடங்காத முகப்புரை

தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் வரலாறும் அரசியல் அறிவியலும் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்



நவம்பர் 26ஆம் நாள் அரசமைப்பு நாளாக 2015 முதல் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. அந்நாளை ஒட்டி நடைபெறும் பேச்சுப் போட்டிகளிலும் பட்டிமன்றங்களிலும், இந்தியக் குடியரசு சமய அடித்தளத்தில் பிறந்ததா, சமயச் சார்பின்றிப் பிறந்ததா என்ற கேள்வி ஏதேனும் ஒரு வடிவில் தலைப்பாகிவிடுகிறது. ஓர் அணி 1976இல்தான் 'சமயச் சார்பற்ற' என்ற சொல் முகப்புரைக்குள் வந்தது என்று சொல்லி மேசையைத் தட்டுகிறது. எதிரணி அடிப்படை உரிமைகளை எடுத்துக்காட்டிக் கைதட்டல் வாங்குகிறது. நடுவர் இரண்டிலும் உண்மை உண்டு என்று முடித்து வைக்கிறார். இரு தரப்பும் காட்டும் சான்றுகள் பெரும்பாலும் மெய்யானவையே. ஆனால் அவை வெவ்வேறு கேள்விகளுக்குரிய விடைகள் என்பது மேடையில் மறைந்துபோகிறது. ஓர் அரசு தன் அதிகாரத்தை எங்கிருந்து பெறுகிறது என்பது ஒரு கேள்வி. அவ்வரசு தன் ஆளுகைக்குள் இருக்கும் சமயங்களோடு எவ்வாறு உறவாடுகிறது என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால் இந்தியாவின் தொடக்கம் பட்டிமன்ற மேடை காட்டுவதைவிடத் தெளிவாகவும், ஓரளவு சங்கடமாகவும் தெரியும் என்பதே இம்மடல் முன்வைக்கும் கருத்து.

முதலில் சொல்லைப் பற்றிய வழக்கைத் தீர்த்துவிடலாம். நெருக்கடி நிலைக் காலத்தில் நிறைவேறிய 42ஆவது திருத்தத்தின் வழியே முகப்புரையில் அச்சொல் சேர்ந்தது என்பதும், அது 1977 ஜனவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது என்பதும் உண்மை. ஆனால் அதற்கு முன்பு அரசமைப்பில் அச்சொல்லே இல்லை என்று மாணவர்கள் எழுதும்போது திருத்த வேண்டிய கடமை ஆசிரியருக்கு உண்டு. 1950ஆம் ஆண்டு மூல வாசகத்திலேயே, சமய உரிமையைப் பேசும் 25ஆம் பிரிவின் இரண்டாம் கூறில், சமய வழக்கத்தோடு ஒட்டிவரும் பொருளியல், நிதி, அரசியல் நடவடிக்கைகளையும் பிற 'செக்யுலர்' நடவடிக்கைகளையும் அரசு ஒழுங்குபடுத்தலாம் என்று எழுதப்பட்டுள்ளது. அங்கே அச்சொல்லுக்கு 'உலகியல் சார்ந்த' என்பதே பொருள். அரசின் குணத்தைக் குறிக்கும் கொள்கைப் பெயராக அது அங்கே வரவில்லை. ஒரே சொல் ஓர் இடத்தில் கோயில் நிலக் குத்தகையையும் மற்றோர் இடத்தில் குடியரசின் இயல்பையும் குறிக்கும்போது குழப்பம் வராமல் இருந்தால்தான் வியப்பு. தமிழில் 'மதச்சார்பற்ற' என்றும் 'சமயச் சார்பற்ற' என்றும் இரு வழக்குகள் உள்ளன. இந்தி முகப்புரையோ 'தர்மம்' என்ற சொல்லைத் தவிர்த்துப் பிரிவு, நெறி என்று பொருள்படும் 'பந்த்' என்ற சொல்லைக் கொண்டு அதை எழுதுகிறது. மொழிபெயர்ப்பிலேயே ஒரு விவாதம் ஒளிந்திருக்கிறது.

அரசமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் அச்சொல்லைச் சேர்க்கும் முயற்சி நடந்து தோற்றது என்பதும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. பொருளியல் பேராசிரியரான கே.டி. ஷா 1948 நவம்பர் 15 அன்று, இந்தியாவைச் சமயச் சார்பற்ற, கூட்டாட்சி வடிவான, சோசலிச ஒன்றியம் என்று முதற்பிரிவிலேயே அறிவிக்க வேண்டும் எனத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. அவருடைய மறுப்பு சோசலிசத்தைப் பற்றியதாகவே அமைந்தது: அரசமைப்பு என்பது அரசின் உறுப்புகளை இயக்கும் பொறி, எதிர்காலச் சமூகம் எந்த அமைப்பில் வாழ வேண்டும் என்பதை இன்றே பூட்டி வைப்பது மக்களாட்சிக்கு முரண் என்பது அதன் சாரம். மூன்று சொற்களை ஒரே கயிற்றில் கட்டிக் கொண்டுவந்ததால் மூன்றும் ஒருசேர வீழ்ந்தன. அதிலிருந்து அவை சமயச் சார்பின்மையை நிராகரித்தது என்று முடிவு கட்டுவது, கூட்டாட்சியையும் அவை நிராகரித்தது என்று முடிவு கட்டுவதற்கு ஒப்பாகும். பிறகு டிசம்பர் 3 அன்று, அரசுக்கு எந்தச் சமயத்தோடும் தொடர்பே இருக்கலாகாது என்ற தனிப்பிரிவை ஷா முன்வைத்தார், அதுவும் ஏற்கப்படவில்லை. முதல் தோல்வியைவிட இந்த இரண்டாவது தோல்விக்குத்தான் உண்மையில் பொருள் அதிகம். ஏன் என்பது பின்னர் வரும்.

நீதிமன்றமும் அச்சொல்லுக்காகக் காத்திருக்கவில்லை. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு, நாடாளுமன்றம் திருத்தத்தின் பெயரால் அழிக்க முடியாத சில கூறுகள் அரசமைப்பில் உண்டு என்று தீர்ப்பளித்தது. அக்கூறுகளே 'அடிப்படைக் கட்டமைப்பு' எனப்படுகின்றன. தலைமை நீதிபதி சிக்ரி அவற்றை எண்ணும்போது சமயச் சார்பற்ற இயல்பையும் சேர்த்தே எண்ணினார். முகப்புரையில் அச்சொல் ஏறுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முந்திய செய்தி இது. வழக்குத் தொடுத்தவர் காசர்கோட்டில் உள்ள எடநீர் மடத்தின் தலைவர் என்பதும், மடத்தின் நிலங்களைத் தொட்ட கேரள நிலச் சீர்திருத்தச் சட்டமே வழக்கின் தோற்றுவாய் என்பதும் இந்திய வரலாற்றுக்கே உரிய வேடிக்கை. 1978இல் ஜனதா அரசு அச்சொல்லுக்கு 'எல்லாச் சமயங்களுக்கும் சம மதிப்பு' என்று வரையறை தர முயன்றபோது மாநிலங்களவை அதை ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே அச்சொல் இன்றளவும் வரையறையின்றியே முகப்புரையில் நிற்கிறது.

சொல்லின் கதை இவ்வளவே. இனி, அதிகாரத்தின் ஊற்று எது என்ற கேள்வியை அவை நேருக்கு நேர் சந்தித்த ஒரு நாளுக்குச் செல்ல வேண்டும். 1949 அக்டோபர் 17 அன்று முகப்புரை விவாதத்துக்கு வந்தது. முகப்புரை என்பது அரசமைப்பின் வாயிற்படி. யார், எந்த அதிகாரத்தால், எதற்காக இச்சட்டத்தைத் தங்களுக்கு அளித்துக்கொள்கிறார்கள் என்பதை அது சொல்கிறது. பிற பிரிவுகள் எல்லாம் முடிந்த பிறகே, அவற்றோடு பொருந்துகிறதா என்று பார்த்து முகப்புரையை அவை எடுத்துக்கொண்டது. எச்.வி. காமத் எழுந்து, 'இந்திய மக்களாகிய நாம்' என்பதற்கு முன்பாகக் 'கடவுளின் பெயரால்' என்ற தொடரைச் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் மொழிந்தார். மதன் மோகன் மாளவியாவின் மகனான கோவிந்த் மாளவியா, பரமேசுவரனின் அருளால் என்று தொடங்கும் வேறொரு வாசகத்தை வைத்திருந்தார். சிப்பன் லால் சக்சேனாவின் திருத்தத்தில் கடவுளோடு காந்தியின் பெயரும் இருந்தது. காந்தி கொல்லப்பட்டு இரண்டாண்டுகூட ஆகாத நேரம்; இருந்தும் பிரஜேசுவர் பிரசாத், இவ்வரசமைப்பு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளையும் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தையும் அடித்தளமாகக் கொண்டது, காந்திய அரசமைப்பே அன்று, ஆதலால் அவர் பெயரை இதில் எழுதலாகாது என்று துணிந்து சொன்னார். கிருபளானி கேட்டுக்கொண்டதன் பேரில் சக்சேனா தம் திருத்தத்தைத் திரும்பப் பெற்றார். காமத் பெறவில்லை.

அதன்பின் நடந்ததைத்தான் வகுப்பறையில் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். அசாமிலிருந்து வந்த ரோகிணி குமார் சௌத்ரி, காமாக்யா தேவி வீற்றிருக்கும் காமரூபத்தைச் சேர்ந்தவர். கடவுளின் பெயரால் என்பதற்குப் பதிலாகத் தேவியின் பெயரால் என்று மாற்றிக்கொள்ளக் காமத் இசைவாரா என்று கேட்டார். அவையில் சிரிப்பை வரவழைக்கும் குறுக்கீடாகத் தோன்றினாலும், அதற்குள் ஒரு கூர்மையான வாதம் இருந்தது: கடவுள் என்ற ஒற்றைச் சொல் எல்லாரையும் அடக்கும் என்று நினைப்பவர், தம் கடவுளை மனத்தில் வைத்துக்கொண்டே அவ்வாறு நினைக்கிறார். திருவிதாங்கூரிலிருந்து வந்த பட்டம் தாணுப் பிள்ளை தாம் இறை நம்பிக்கை உடையவர் என்பதை மறைக்காமலே எதிர்த்தார். இத்திருத்தம் நிறைவேறினால் அது நம்பிக்கையில் கட்டாயத்தைப் புகுத்தியதாகும், நம்புவதற்கு ஒருவருக்கு உள்ள அதே உரிமை நம்பாமலிருக்கவும் மற்றொருவருக்கு உண்டு என்பது அவர் வாதம். ஹிருதயநாத் குன்ஸ்ரு, மனத்தின் உள்ளாழத்தில் இருக்கும் ஒன்றை விவாதப் பொருளாக்கியதற்கே வருந்தினார். கடவுளைப் பற்றி வாக்களிக்கும் தர்மசங்கடத்துக்கு அவையைத் தள்ள வேண்டாம் என்று பூர்ணிமா பானர்ஜி காமத்திடம் கேட்டுக்கொண்டார். காமத் இணங்கவில்லை, வாக்கெடுப்பு கோரினார். கைகள் உயர்ந்தன, எண்ணப்பட்டன: ஆதரவு 41, எதிர்ப்பு 68. அவையின் வரலாற்றில் அது கறுப்பு நாள் என்று காமத் அங்கேயே மனம் நொந்தார்.

இந்த 68 கைகளை நாத்திகக் கைகள் என்று எடுத்துக்கொண்டால் அந்த விவாதத்தைப் படிக்கவே இல்லை என்று பொருள். எதிர்த்துப் பேசியவர்கள் கடவுளை மறுத்துப் பேசவில்லை. நம்பிக்கை என்பது பெரும்பான்மை எண்ணிக்கையால் முடிவு செய்யத்தக்கதன்று என்பதே அவர்கள் பேச்சின் உட்கிடை. அதாவது, முகப்புரையிலிருந்து கடவுளை விலக்கியவர்களில் பக்தர்களும் இருந்தார்கள், தங்கள் பக்தியின் மதிப்பைக் காக்கும் பொருட்டே விலக்கினார்கள். பட்டிமன்றத்தின் இரு அணிகளுக்கும் இது உதவாத செய்தி. அதனால்தான் போலும், மேடைகளில் இது அதிகம் ஒலிப்பதில்லை.

இதே அவை, பதவியேற்பு உறுதிமொழியில் கடவுளுக்கு இடம் அளித்தது என்பதையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் அட்டவணையில் உள்ள உறுதிமொழிப் படிவங்கள், கடவுள் பெயரால் ஆணையிடலாம் அல்லது உளமார உறுதி கூறலாம் என்று இரு வழிகளைத் தருகின்றன. தமிழ்நாட்டில் பதவியேற்பு விழாக்களைக் கேட்டவர்களுக்கு இவ்விரண்டின் ஓசை வேறுபாடும், திராவிட இயக்கத்தார் பலர் இரண்டாவதைத் தேர்வதன் பொருளும் நன்கு தெரியும். தனி மனிதர் ஒருவர் உறுதி கூறும்போது அவருக்குத் தேர்வு உண்டு. மக்கள் அனைவரும் ஒரே குரலில் பேசுவதாக அமைந்த முகப்புரையில் அத்தகைய தேர்வுக்கு வழியில்லை. ஓரிடத்தில் சேர்த்ததும் மற்றோரிடத்தில் விலக்கியதும் முரணாகத் தோன்றலாம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நியாயம்.

அந்த வாக்கெடுப்பின் எடையை அறிய, அதே ஆண்டு மார்ச் 12ஆம் நாள் கராச்சியில் நடந்ததை அருகே வைக்கலாம். பிரதமர் லியாகத் அலி கான் முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தைப் பாகிஸ்தானின் அரசியல் நிர்ணய சபை அன்று ஏற்றுக்கொண்டது. உலகனைத்தின் மீதுமான இறையாண்மை அல்லாவுக்கே உரியது, அவன் வகுத்த எல்லைக்குள் மக்கள் வழியாக அரசு அதைச் செலுத்துகிறது என்பது அதன் தொடக்கம். கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த இந்து உறுப்பினர்கள் கொண்டுவந்த திருத்தங்கள் எல்லாம் தோற்றன. நாட்டின் பிறப்பை ஒட்டி 1947 ஆகஸ்ட் 11 அன்று ஜின்னா அதே அவையில், குடிமகனின் சமயம் அரசின் அலுவல் அன்று என்ற பொருளில் பேசியிருந்தார் என்பதையும் நினைத்துக்கொண்டால், ஒரு நாட்டின் தொடக்கம் என்பது ஒரே நாளில் முடிந்துவிடும் நிகழ்ச்சி அன்று என்பது விளங்கும். டெல்லி அவையோ 1947 ஜனவரி 22 அன்று ஏற்ற தன் குறிக்கோள் தீர்மானத்திலேயே, அதிகாரம் அனைத்தும் மக்களிடமிருந்து வருவது என்று எழுதிவிட்டது. 1949 அக்டோபரில் அதை மாற்றும் வாய்ப்பு கைக்கு எட்டியபோதும் மாற்றவில்லை.

தமிழில் இதைக் கற்பிக்கும்போது ஒரு சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. 'இறையாண்மை' என்ற சொல்லின் முற்பகுதி அரசனையும் குறிக்கும், கடவுளையும் குறிக்கும், ஏன், அரசனுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும். திருக்குறளின் 'இறைமாட்சி' அதிகாரம் மன்னனைப் பற்றியது. 'கோயில்' என்பதும் கோவின் இல்லமே. அக்கோ அரண்மனையில் இருப்பவனா கருவறையில் இருப்பவனா என்பதை இடம்தான் சொல்லும். அரசும் இறையும் ஒரே சொல்லுக்குள் வாழ்ந்த மொழியில், இறையாண்மை மக்களுடையது என்று எழுதுவது எவ்வளவு பெரிய புரட்டல் என்பதை மாணவர்க்கு உணர்த்த இதைவிட நல்ல கருவி கிடைப்பது அரிது.

செங்கோலைப் பற்றிய பேச்சையும் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். 1947 ஆகஸ்ட் 14 அன்று மாலை, டெல்லி யார்க் சாலையில் 17ஆம் எண் கொண்ட நேருவின் இல்லத்துக்குத் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் வந்தவர்கள் நாகசுர இசையுடன் நுழைந்து, புனித நீர் தெளித்து, நெற்றியில் திருநீறு பூசி, அவர் கையில் பொற்செங்கோலை அளித்தார்கள். நிகழ்ச்சி நடந்தது, அதை மறுப்பதில் பயனில்லை. அதை ஆட்சி மாற்றத்தின் அதிகாரபூர்வச் சடங்காகக் கொள்வதுதான் பிழை. வீட்டில் அந்தச் சடங்கு நடந்த அதே இரவில் 11 மணிக்கு அரசியல் நிர்ணய சபை கூடியது. நள்ளிரவில் உறுப்பினர்கள் எடுத்துக்கொண்ட உறுதிமொழி, இந்தியாவுக்கும் அதன் மக்களுக்கும் தொண்டாற்றுவதாக மட்டுமே சொல்லியது, கடவுளைச் சுட்டவில்லை. செங்கோல் என்பதும் தமிழில் பூசைப் பொருளின் பெயர் அன்று. வளையாத ஆட்சி என்னும் அறத்தின் பெயர், கொடுங்கோலின் எதிர்ச்சொல். 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் அது நிறுவப்பட்டபோது எழுந்த சர்ச்சையில், ஒரு தரப்பு அதைச் சமய அரசின் சின்னமாக்கியது, மறுதரப்பு வெறும் கைத்தடியாக்கியது. வள்ளுவரின் 'செங்கோன்மை' இரு தரப்பாருக்கும் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

நந்தலால் போசும் சாந்திநிகேதன் கலைஞர்களும் அரசமைப்பின் கையெழுத்துப் பிரதியில் தீட்டிய ஓவியங்களைப் பற்றியும் இதே அளவில் சொன்னால் போதும். அடிப்படை உரிமைகளின் தலைப்பில் இராமனும் சீதையும் இலக்குவனும் இருப்பது உண்மை. வேறு பகுதிகளில் கீதோபதேசமும், நடராசரும், மாமல்லபுரச் சிற்பமும், அக்பரும், குரு கோவிந்த் சிங்கும், திப்பு சுல்தானும் இருப்பதும் உண்மை. அந்த ஓவியங்கள் நாட்டின் நெடிய நினைவைத் தீட்டிய கலைப்பணி. ஒவ்வொரு சொல்லாக விவாதித்து அவை நிறைவேற்றிய சட்ட வாசகத்தின் உறுப்பு அல்ல.

இதுவரை சொன்னவற்றால், அதிகாரத்தின் ஊற்று உலகியல் சார்ந்தது என்பது ஐயமற நிலைபெறுகிறது. ஆனால் இரண்டாவது கேள்விக்கு வரும்போது, சமயச் சார்பின்மை அணியினர் சற்று அமைதியாக அமர்ந்து கேட்க வேண்டியிருக்கும். அரசும் சமயமும் தனித்தனி அறைகளில் வாழும் ஏற்பாட்டை அவை செய்யவில்லை. ஷாவின் இரண்டாவது திருத்தம் தோற்றதன் பொருள் இதுவே. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 25ஆம் பிரிவு சமய உரிமையைத் தந்த கையோடு, பொதுத்தன்மை வாய்ந்த இந்து சமய நிறுவனங்களை இந்துக்களில் எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கிறது. சமயத்திலிருந்து முற்றாக விலகி நிற்கும் அரசால் இதைச் செய்யவே முடியாது. 1936இல் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்ததையும், 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயரின் முயற்சியால் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் நுழைந்ததையும், அதற்குப் பாதுகாப்பாகச் சென்னை மாகாண அரசு அவ்வாண்டே சட்டம் இயற்றியதையும் கண்ட தலைமுறை எழுதிய பிரிவு அது. கோயில் கதவு தானே திறக்கும் என்று காத்திருக்கும் அரசை அத்தலைமுறை விரும்பவில்லை.

சென்னை மாகாணத்துக்கு இதில் தனி வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியே 1817ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தால் கோயில் அறக்கட்டளைகளைத் தன் மேற்பார்வையில் கொண்டுவந்தது. பின்னர்ப் பாதிரிமாரின் எதிர்ப்பால் கைகழுவியது. நீதிக்கட்சி ஆட்சியில் பனகல் அரசர் கொண்டுவந்த சட்டங்களால் 1920களில் அறநிலைய வாரியம் உருவாகியது. 1951இல் இயற்றப்பட்ட புதிய அறநிலையச் சட்டத்தை, அக்காலத்தில் சென்னை மாநிலத்தில் இருந்த தென் கன்னட மாவட்டத்தின் உடுப்பியைச் சேர்ந்த சிரூர் மடத்தின் தலைவர் எதிர்த்து வழக்காடினார். 1954இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்றுவரை வழிகாட்டுகிறது. ஒரு சமயத்தின் இன்றியமையாத கூறு எது என்பதை அச்சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும். குறிப்பிட்ட வேளையில் நைவேத்தியம் படைக்க வேண்டும் என்று நெறி சொன்னால், அதற்குப் பணம் செலவாகிறது என்பதாலேயே அது உலகியல் நடவடிக்கை ஆகிவிடாது. ஆனால் சொத்து நிருவாகத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம் என்றது நீதிமன்றம். இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். எது சமயம், எது சமயமன்று என்று வகுக்கும் வேலை நீதிபதிகளிடம் வந்து சேர்ந்தது. சமயச் சார்பற்ற அரசின் நீதிமன்றம் படையலின் வேளையைப் பற்றி ஆராய நேர்வது குறையா, தவிர்க்க முடியாததா என்பது நல்ல மாணவர்களுக்கு உரிய கேள்வி.

இன்னும் அருகில் ஒரு சான்று உண்டு. அரசமைப்பின் 290அ பிரிவு, தமிழ்நாடு அரசின் பொது வருவாய் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் தேவசம் நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. தேவசம் என்பது கோயில் சொத்தையும் நிருவாகத்தையும் குறிக்கும் மலையாள நாட்டு வழக்கு. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டோடு இணைந்த பகுதிகளில் உள்ள இந்துக் கோயில்களின் பராமரிப்புக்கான தொகை இது. கேரளம் தன் பங்காக 46 லட்சத்து 50 ஆயிரம் தருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் அரசமைப்பே ஒரு சமயத்துக்கு மானியம் எழுதி வைத்தது போலத் தோன்றும். வரலாற்றைப் பார்த்தால் வேறு கணக்கு தெரியும்: 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மன்ரோ திவானாக இருந்த காலத்தில், திருவிதாங்கூர் அரசு கோயில் நிலங்களைத் தன்வயப்படுத்திக்கொண்டு செலவைத் தானே ஏற்றது, அந்தப் பழைய பொறுப்பே சமஸ்தான இணைப்பு உடன்படிக்கை வழியாக அரசமைப்புக்குள் வந்தது. எந்தச் சமயத்தையும் வளர்ப்பதற்கென்று தனி வரி விதிக்கலாகாது என்னும் 27ஆம் பிரிவும், கோயிலுக்கு ஆண்டுத் தொகை எழுதும் 290அ பிரிவும் ஒரே நூலில் இருக்கின்றன. அவ்வாறு இணைந்த பகுதியில் உள்ள சுசீந்திரம் கோயிலுக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், சிற்பங்களோடு இந்தப் பிரிவையும் சேர்த்துக் காட்டலாம்.

எல்லாவற்றுக்கும் இத்தகைய நல்ல விளக்கம் கிடைத்துவிடாது. 1948 நவம்பர் 24 அன்று பசுவதைத் தடை பற்றிய பிரிவு எடுத்துக்கொள்ளப்பட்டது. இன்று அது 48ஆம் பிரிவு. நீதிமன்றத்தின் வழியே வலியுறுத்த முடியாத, ஆட்சிக்கு நெறி சொல்லும் பிரிவுகளான வழிகாட்டு நெறிகளில் ஒன்றாக அது வைக்கப்பட்டது. வேளாண்மையையும் கால்நடை வளர்ப்பையும் அறிவியல் முறையில் அமைக்க வேண்டும் என்று அது தொடங்கி, பசுவையும் கன்றையும் கொல்வதைத் தடுக்க வேண்டும் என்று முடிகிறது. தாக்கூர் தாஸ் பார்கவா பேசியது பால், உழவு, உரம் என்ற பொருளியல் மொழியில். கோரிக்கையின் உயிரோ சமய உணர்வில் இருந்தது. ஐக்கிய மாகாணத்தைச் சேர்ந்த இசட்.எச். லாரி, பெரும்பான்மையோர் சமய நோக்கில் இதை விரும்பினால் மறைக்காமல் நேராக எழுதுங்கள், என்ன செய்யலாம், செய்யலாகாது என்று முஸ்லிம்கள் தெரிந்துகொள்ளட்டும் என்ற பொருளில் பேசினார். அவை நேராக எழுதவில்லை. உலகியல் மொழியில் சமய விருப்பத்தை எழுதும் பழக்கத்துக்கு அது முன்மாதிரியாயிற்று. அவையின் பெருமைகளில் இதைச் சேர்க்க இயலாது.

அதற்கு முந்திய நாள் பொது உரிமையியல் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, சென்னை மாகாணத்தின் இரு உறுப்பினர்கள் எதிரெதிர் நின்றார்கள். எந்தச் சமூகமும் தன் தனிச்சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படலாகாது என்று முகமது இஸ்மாயில் சாகிப் திருத்தம் கொணர்ந்தார். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் ஒரே நாடாக ஒன்றிணைய வேண்டிய தேவையைச் சொல்லி மறுத்தார். திருத்தம் தோற்றது, ஆயினும் சட்டம் உடனே வரவில்லை, நெறியாக மட்டும் நின்றது, தொடக்கத்தில் விரும்பி ஏற்போர்க்கு மட்டும் அதை ஆக்கலாம் என்றும் அம்பேத்கர் சொல்லி வைத்தார். இதே அல்லாடி, 1949 ஆகஸ்டில் குடியுரிமை பற்றிப் பேசும்போது வேறொரு முனையில் உறுதியாக நின்றார் என்பதை மறந்துவிடலாகாது. வேறு எந்நாட்டுக் குடிமகனாகவும் இல்லாத இந்துவோ சீக்கியரோ எங்கு வாழ்ந்தாலும் இந்தியக் குடியுரிமைக்கு உரியவர் ஆக வேண்டும் என்று பி.எஸ். தேஷ்முக் கொண்டுவந்த திருத்தத்தை, அத்தகைய வேறுபாட்டின் மீது குடியுரிமையை எழுப்ப முடியாது என்று அவர் எதிர்த்தார், அது தோற்றது. பிரிவினையால் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் வாழ்ந்துகொண்டிருந்த காலத்தில், ஐந்து முதல் பதினொன்று வரையான குடியுரிமைப் பிரிவுகள் ஒரு சமயத்தின் பெயரைக்கூடச் சொல்லாமல் எழுதப்பட்டன.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் இம்மடல் கோருவது தலைப்பு மாற்றம் ஒன்றைத்தான். சமயமா, சமயச் சார்பின்மையா என்று அணி பிரிப்பதற்குப் பதிலாக, 1949 அக்டோபர் 17ஆம் நாள் விவாதத்தை ஒரு பாடவேளைக்கு எடுத்துக்கொள்ளலாம். அரசியல் நிர்ணய சபையின் நடவடிக்கைக் குறிப்புகள் பொதுவில் கிடைக்கின்றன. தேவையான பக்கங்கள் சிலவே. காமத்தாக ஒரு மாணவர் பேசட்டும், அவரைக் கேலிக்கு உரியவராக ஆக்காமல் அவர் மனவருத்தத்தையும் சேர்த்தே பேசட்டும். தாணுப் பிள்ளையாக ஒருவர், காமாக்யாவின் பெயரைச் சொல்லிக் குறுக்கிடும் சௌத்ரியாக ஒருவர், பூர்ணிமா பானர்ஜியாக ஒருவர் பேசட்டும். கடைசியில் வகுப்பையே அவையாகக் கொண்டு கைகளை உயர்த்தச் சொல்லி எண்ணலாம். எண்ணிக்கையை மட்டும் கரும்பலகையில் எழுதினால் போதும், யார் எந்தப் பக்கம் கை உயர்த்தினார் என்று குறித்துக்கொள்ள வேண்டியதில்லை. அன்றைய பதிவிலும் எண்கள்தாம் உள்ளன, பெயர்கள் இல்லை.